உயிரோடு இருப்பவளுக்குக் கண்ணீர் அஞ்சலி

கதவை யாரோ இரண்டு கையாலும் அறைந்தார்கள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறையப் பல்பொடி. வெளியே பொம்பளைகள் கூட்டமாக அழும் சத்தம்.

"எங்கள வுட்டுட்டுப் போய்ட்டியே சரோஜா... ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டியே..."

சரோஜா நான்தான்.

கதவைத் திறந்தேன். முன்னால் மல்லிகா. திருவொற்றியூர் மார்க்கெட்டில் என் பக்கத்து மீன் பலகைக்காரி. கையில் சாமந்தி மாலை, தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. பின்னால் மீன் விற்கிற பொம்பளைகள் நாலைந்து பேர். அழுகிற வாய் அப்படியே திறந்தபடி நின்றுவிட்டது.

"அடிப்பாவி! நீ சாவலியா?"

பதில் சொல்ல வாயில் இடமில்லை. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

"மூலையில படம் மாட்டிக் கீது! கண்ணீர் அஞ்சலின்னு கொட்ட எழுத்துல போட்டுக் கீது! ஏலத்துல மீனு எடுக்காம ஓடியாறோம். நீ இன்னாடான்னா பல்லு வெளக்கிகினு நிக்கிற!"

மல்லிகாவுக்கு நிஜமாகவே கோபம். மாலையைத் தூக்கிக் காட்டினாள். "இத்த இப்ப இன்னா பண்றது?"

"போட்டு வுட்டுடு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "என்னிக்கி இருந்தாலும் வேணும்தான?"

சிரிப்பு வந்துவிட்டது எல்லோருக்கும். எனக்கு மட்டும் வரவில்லை. தெருமுனையில் எந்தப் படம் மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். காசு கொடுத்து மாட்டச் சொன்னவள் நான்தான். ஆனால் அதில் நான் சாவதாக ஏற்பாடு இல்லை.

அவள் வாய், என் கை

பத்திரிகைக்கு வாரா வாரம் நான் எழுதுகிற இந்தத் தொடரில் பிலோமினாவின் பேர் வராத வாரம் குறைவு. கூட வேலை செய்தவள் என்று எழுதினேன். கூட இருந்தவள் என்று எழுதினேன். அவள் எனக்கு யார் என்று மட்டும் எழுதவில்லை. இந்த வாரம் அதை எழுதிவிடுவது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பார்த்தது இறால் உரிக்கிற கம்பெனியில். எனக்குக் கல்யாணமாகி, அது நிலைக்காமல், அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து கிடந்த காலம். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களை அவளே பேசித் துரத்திவிடுவாளாம்.

ஐஸ் தண்ணீரில் கைவிட்டு உரித்து உரித்து விரல் மரத்துப்போகும். டீ வந்ததும் நான் குடிக்கமாட்டேன், கிளாஸைப் பிடித்துக்கொண்டே இருப்பேன், சூட்டுக்காக. ஒருநாள் பிலோமினா எதிரில் குந்தி, கிளாஸைப் பிடித்திருந்த என் கைகளின் மேலே தன் கைகளை வைத்துப் பொத்திக்கொண்டாள். இறால் வாடை, டீ வாடை, அவள் தலையில் வைத்திருந்த கனகாம்பரம். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது என்பார்கள். அன்றைக்கு இருந்தது.

அப்புறம் இரண்டு பேரும் மீன் விற்க வந்தோம். காசிமேட்டில் விடியலில் ஏலம் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் ஒரே பலகையில் விற்பனை. அவள் கூவுவாள், பேரம் பேசுவாள், திட்டுவாள், சிரிப்பாள். நான் அருவாமனையில் மீன் அரிவேன். அவள் வாய், என் கை. அத்தனை வருஷத்தில் ஒரு சங்கரா மீனுக்குக்கூட நான் வாய்விட்டு விலை சொன்னதில்லை. கூச்சம்.

வீடு வாடகைக்குக் கேட்கப் போனபோது அக்கா தங்கச்சி என்று சொன்னாள். வீட்டுக்காரர் விடவில்லை.

"ஒருத்தி சரோஜா, ஒருத்தி பிலோமினா. எப்படிம்மா அக்கா தங்கச்சி?"

"எங்கப்பன் மதம் மாறிகினே இருந்தான் நைனா. இன்னும் ஒருத்தி பொறந்திருந்தா பாத்திமான்னு பேரு வச்சிருப்பான்."

அந்த வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தோம். போன வருஷம் நெஞ்சுவலி வந்து அவள் போய்விட்டாள்.

மேகமும் புறாவும்

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் முதல் வேலை படம் போடுவது. தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டியாக வேண்டும். நடுவில் செத்தவர் படம் பெரிதாக. பின்னால் நீல வானம், மேகம், வெள்ளைப் புறா. கீழே வரிசை வரிசையாக உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்கள், ரேஷன் கடை க்யூ மாதிரி, ஒவ்வொருத்தர் படத்துக்குக் கீழேயும் பேரும் உறவும். கட்டாவிட்டால் செத்தவருக்கு நாதியில்லை என்று பேச்சு வரும். வருஷம் திரும்பினால் மறுபடி ஒன்று.

பிலோமினா போனபோது அவள் தம்பி பெர்னாட்டு பெரிதாகவே கட்டினான். துறைமுகத்தில் ஏலம் விடுகிறவன். அவன் குரல் கேட்டால் படகே திரும்பிப் பார்க்கும். அந்த ஃபிளெக்ஸில் தம்பி பெண்டாட்டி, சித்தப்பா பிள்ளைகள், இடுப்பில் இருக்கிற கைப்பிள்ளை எல்லாரும் இருந்தார்கள். நான் இல்லை. கடைசி வரியில் "மற்றும் நண்பர்கள்" என்று இருந்தது. அதில் நான் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் படத்தின் கீழே நின்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

என்னை முந்திக்கொண்டவர்கள்

அவளுடைய ஃபோன் என்னிடம் இருந்தது. பாட்டு கேட்க வாங்கினது. வீட்டில் சத்தமில்லாமல் இருப்பது தாங்காமல் அதைத் தடவ ஆரம்பித்தேன்.

எனக்கு அஞ்சாம் கிளாஸோடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்; இந்தத் தொடரையும் இப்போது ஃபோனில் குத்திக் குத்தித்தான் எழுதுகிறேன். மைக்கை அமுக்கிப் பேசினால் ஃபோனே எழுதிக்கொள்ளும் என்றார்கள். ஆனால் எங்கள் குடியிருப்பில் இருமினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். நான் கேட்க நினைத்ததை எப்படி வாய்விட்டுக் கேட்பது? ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினேன். "ரெண்டு பொம்பளைங்க ஒண்ணா வாழ்ந்தா" என்று முடிப்பதற்குள் அரைக் கிளாஸ் டீ ஆறிவிட்டது.

மீதியை நான் எழுதவில்லை. ஃபோனே எழுதியது. "பாவமா" என்று ஒன்று. "சட்டப்படி தப்பா" என்று ஒன்று. "என்ன பேர்" என்று ஒன்று.

பயந்துபோய் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். என் மனசில் இருப்பது இதற்கு எப்படித் தெரியும்? பிற்பாடுதான் தெரிந்தது, நிறையப் பேர் முன்னாலேயே கேட்ட கேள்வியைத்தான் ஃபோன் தானாக முடித்துத் தருமாம். அப்படியென்றால் இதை எனக்கு முன்னால் யாரோ கேட்டிருக்கிறார்கள். தமிழில் கேட்டிருக்கிறார்கள். எந்த ஊரோ, எந்த வீட்டில் ஒளிந்து உட்கார்ந்தோ.

அன்றிலிருந்து தினம் மத்தியானம், பக்கத்து வீடுகள் தூங்குகிற நேரம், அதுதான் எனக்கு வேலை.

கலர் கலராகக் கோடு போட்ட கொடியோடு ஒரு கூட்டம் போகிற வீடியோ வந்தது. எழும்பூர் பக்கம். எந்தக் கட்சி இது, எல்லாக் கலரையும் கூட்டணியில் சேர்த்துக்கொண்டதே என்று நினைத்தேன். இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் ஒரு பெண் கையிலிருந்த அட்டையை எழுத்துக் கூட்டினேன். "நான் காதலிப்பது ஒரு பெண்ணை." பட்டப்பகலில், போலீஸ்காரர் பக்கத்திலேயே, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். நான் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு அதை மறுபடி பார்த்தேன்.

வெள்ளைக்காரன் போட்ட ஒரு சட்டம் இருந்ததாம். ஆணும் ஆணும் சேர்ந்தால் ஜெயில். அதை வைத்து எல்லாரையும் மிரட்டினார்களாம். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால்தான் பெரிய கோர்ட்டு அதை ஒழித்தது. கல்யாணத்துக்கு மட்டும் இன்னும் சட்டத்தில் இடமில்லையாம். வெள்ளைக்காரன் கப்பல் ஏறி எத்தனையோ காலமாகிறது, சட்டம் மட்டும் எங்கள் துறைமுகத்திலேயே நங்கூரம் போட்டு நின்றிருக்கிறது!

யாரோ ஒரு பழைய கோயில் சிற்பத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் தோளில் கை போட்டு, முகத்தோடு முகம். கீழே ஒரே சண்டை. வெளிநாட்டுக் கலாச்சாரம் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். கல்லில் கண்ணெதிரே இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதுகிறார். பதில் போட விரல் துடித்தது. போடவில்லை. அந்த இரண்டு பெண்களும் சண்டையைக் கண்டுகொள்ளாமல் நின்றார்கள்.

படத்துக்குக் கீழே

என்னை உலுக்கியது வேறு ஒன்று.

வெளிநாட்டு மியூசியம் ஒன்றின் பக்கம். ஃபோனே தமிழாக்கிக் கொடுத்தது, கோணல்மாணலான தமிழ், ஆனால் புரிந்தது. பழைய ஸ்டுடியோ படம். கழுத்து வரை பட்டன் போட்ட கவுனில் இரண்டு பெண்கள். ஒருத்தி நாற்காலியில், ஒருத்தி அவள் தோளில் கை வைத்து. ரொம்ப வருஷமாக அந்தப் படத்துக்குக் கீழே "சகோதரிகள்" என்று எழுதி வைத்திருந்தார்களாம். அப்புறம் "தோழிகள்" என்று மாற்றினார்களாம். இப்போதுதான் யாரோ தேடிப்பிடித்து, இவர்கள் சாகும்வரை ஒரே வீட்டில் ஜோடியாக வாழ்ந்தவர்கள் என்று சரியாக எழுதினார்களாம்.

எங்கள் வீட்டுக்காரரிடம் பிலோமினா சொன்னது ஞாபகம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கமும் அதே பொய்தான்.

அதற்கப்புறம் எந்தப் படம் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். "பெயர் தெரியாத பெண்ணுடன்." "உறவினருடன்." கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வீடியோவில் பேசினாள். முகத்தை மறைத்து, குரலையும் மாற்றி. வீட்டு ஓனரிடம் அக்கா தங்கச்சி என்று சொல்லித்தான் இருக்கிறோம் என்றாள்.

தமிழ்ச் செய்திகளும் வந்தன. அதைப் படிக்கத்தான் கஷ்டம். தோழிகள் இருவர் ஒன்றாக விஷம் குடித்தார்கள், கிணற்றில் குதித்தார்கள். சின்னப் பிள்ளைகள். செத்தால்தான் எங்களைப் பற்றிச் செய்தி. நரைத்த தலையோடு, மூட்டுவலியோடு, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிற ஒருத்தியைக்கூட எங்கள் பக்கத்தில் காணோம். காசிமேடு, ராயபுரம், எண்ணூர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினேன். மீன் விலை வந்தது.

சரி, அப்போது நாம்தான் போடவேண்டும் என்று நினைத்தேன். முதல் வருஷத்து அஞ்சலி ஃபிளெக்ஸ் வரப்போகிறது. அதில் பிலோமினா பக்கத்தில் நான் இருக்கவேண்டும். கீழே சரியாக எழுதியிருக்கவேண்டும். ஜோடியாக வாழ்ந்தவர்களுக்கு என்ன வார்த்தை எழுதுவது என்றும் ஒரு தமிழ்ப் பக்கத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இணையர்.

பெர்னாட்டும் பாஷா பாயும்

பெர்னாட்டிடம் சொன்னேன். சொல்வதற்கு இரண்டு டீ ஆயிற்று.

"இன்னாக்கா சொல்ற நீ? கோடி வூட்டு கெய்வில இருந்து கொயந்த வரைக்கும் படிக்கும்க்கா அத்த. ஏலத்துல என்னைக் கேப்பானுங்க. நான் வெல சொன்னா எவன் மதிப்பான்?"

"நான் மதிப்பேன் தம்பி."

"வெளாடாதக்கா. குடும்ப நண்பர்னு போட்டுக்கலாம். உன் படத்தயும் போட்டுக்கலாம், கீய வரிசையில. ஓகேவா?"

"வேணாம். நானே தனியா போட்டுக்கிறேன்."

அப்படி நான் யாரிடமும் பேசினதில்லை. அவன் டீ கிளாஸைக் கீழே வைக்க மறந்து, கையில் பிடித்தபடியே தெருவுக்கு இறங்கிப் போய்விட்டான்.

பாஷா பாய் கடை ராயபுரத்தில். நல்ல மனுஷர். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. எங்களுடைய ஒரே படத்தைக் கொடுத்தேன். மூர்மார்க்கெட் போன அன்று ஸ்டுடியோவில் எடுத்தது. இரண்டு பேருக்கும் அப்போது கன்னத்தில் சதை இருந்தது.

"பக்கத்துல பக்கத்துல பாய். ஒரே சைஸு. யாரும் பெரிசு சின்னது வேணாம்."

"ரெண்டு பேரையுமாம்மா?"

"ரெண்டு பேரையும்தான்."

"அய்யோ பாவம். சின்ன வயசா இருக்குறாங்களே," என்றார் படத்தைப் பார்த்து.

அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். பழைய படம் என்பதால் சொல்கிறார் என்று நினைத்தேன். பேர்களையும் கீழே போடவேண்டிய வரியையும் ஃபோனில் எழுதியே அனுப்பினேன், வாயால் சொல்லக் கூச்சப்பட்டு. முன்னால் நிற்கிற கிழவிதான் படத்தில் இருப்பவள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் தொழிலில், ஒரே அளவில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற டிசைன் ஒன்றே ஒன்றுதான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே செத்துப்போனவர்களுக்குப் போடுவது. இரண்டு புறா, இரண்டு விளக்கு. அதில் எங்களை ஏற்றிவிட்டார்.

மூலையில்

வாயைக் கொப்பளித்துவிட்டு மல்லிகாவோடு போனேன். முனையில் ஒரு கூட்டம்.

மேலே பார்த்தேன். நீல வானத்தில் நானும் பிலோமினாவும். அவள் தோள் என் தோளை இடித்துக்கொண்டு. "கண்ணீர் அஞ்சலி. பிலோமினா, சரோஜா. இணையர்." மாலை, மேகம், ஜோடிப் புறா. அடிப்பாவி, நாங்கள் அவ்வளவு அழகாகவா இருந்தோம்?

"கெய்வி உயிரோட வர்து பாருடா!" என்று ஒருத்தன் கத்தினான். ஐஸ் வண்டிக்காரன் ஒருத்தன் அந்தக் கடைசி வார்த்தையைக் காட்டி, "கலீஜு" என்று துப்பிவிட்டுப் போனான். வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

அதற்குள் பெர்னாட்டு வந்துவிட்டான். கையில் வலைக் கயிறு அறுக்கிற கத்தி. பின்னாலேயே யாரோ ஃபோன் போட்டு வரவழைத்த பாஷா பாய், முகம் வெளுத்துப்போய்.

"மன்னிச்சிக்கம்மா, உன்னயே போட்டுட்டேனே. உயிரோட கீறவங்களுக்கு அஞ்சலி போட்டா ஆவாதும்மா. சாயங்காலம் சர்ச்சு பூசைக்குள்ள வேற அடிச்சித் தர்றேன், துட்டு வேணாம். அவங்கள மேல தனியா, உன்ன கீய சின்னதா."

"அதான் சரி," என்றான் பெர்னாட்டு. "உன் நல்லதுக்குத்தான்க்கா. அவசகுனம். அவுத்துடலாம்." கயிற்றில் கத்தியை வைத்துவிட்டான்.

எனக்குப் புரிந்துபோனது. உயிரோடு இருக்கவேண்டும் என்றால் கீழே, சின்னதாக, க்யூவில். அவள் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றால் செத்திருக்கவேண்டும்.

"அவுக்காத."

"இன்னாக்கா?"

"அவுக்காதன்னு சொன்னேன் தம்பி. சகுனம் எனக்குத்தான, நான் பாத்துக்கிறேன். கண்ணீர் அஞ்சலிங்கிற இடத்துல மட்டும் ஒரு வெள்ள ஸ்டிக்கர ஒட்டிக் குடுங்க பாய். மீதி அப்டியே இருக்கட்டும்."

பெர்னாட்டுக்கு ஏலக் குரல் வந்துவிட்டது. தெருவே கேட்டது. "எங்க அக்கா படம் இது! இருக்கணுமா வேணாமான்னு சொல்ல நீ யாரு?"

கூட்டம் என்னைப் பார்த்தது. தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்த வார்த்தை மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் வாயில் அது வரவில்லை. எங்கள் தெருவில் எல்லாப் பெண்டாட்டிகளும் எல்லாப் புருஷன்களும் தினம் சொல்கிற வார்த்தைதான் வந்தது.

"நான் அவ வூட்டுக்காரி."

ஒரு சங்கரா மீனுக்கு விலை சொல்லாத வாய். அவ்வளவு சத்தமாக வந்தது.

கத்தி கயிற்றின் மேலேயே இருந்தது. அப்போது மல்லிகா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே சொன்னாள்.

"இத்தச் சொல்றதுக்கா இம்மாம் பேஜாரு? அது எங்களுக்குத் தெரியாதா? மார்க்கெட்டுக்கே தெரியும். நீ செத்துட்டதுதான் எங்களுக்குப் புதுசு. யோவ் பெர்னாட்டு, கத்திய எடு. வழிய வுடுங்க எல்லாம், நான் போய் மீனு எடுக்கணும்."

சாமந்தி மாலையைப் பாஷா பாய் கையில் திணித்து, "ஏணில ஏறி அந்தம்மாவுக்குப் போடு. ஒரு பக்கமா போடு, இவமேல படப்போது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெர்னாட்டு கத்தியை மடக்கினான். என்னிடம் எதுவும் பேசாமல் போனான். சாயங்காலப் பூசையிலும் பேசவில்லை. இப்போது பேசுகிறான், அளவாக. துறைமுகத்தில் அவனைக் கேலி செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவிழ்த்திருக்கச் சொல்வேனா என்றால் மாட்டேன்.

ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கொஞ்ச நாள் தெருமுனையில் நின்றோம். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள். காக்கை எச்சம் போட்டது.

அப்புறம் ஒரு காலை மாநகராட்சி லாரி வந்தது. அனுமதி இல்லாத ஃபிளெக்ஸ் எல்லாம் அகற்றுகிறார்களாம். கட்சித் தலைவர் பிறந்தநாள், ஒரு பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா, இரண்டு காதுகுத்து, ஒரு கல்யாணம். எல்லாவற்றையும் அவிழ்த்தார்கள். எங்களையும் அவிழ்த்தார்கள். ஏணியில் இருந்தவர் மேலே எழுதியிருந்ததைப் படிக்கக்கூட இல்லை. கல்யாண ஜோடிக்கும் தலைவருக்கும் நடுவில் எங்களைச் சுருட்டி வைத்தார்.

பால் பாக்கெட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி கிளம்பியது. தெருவோடு தெருவாக, ஊரில் எல்லாரையும் போல நாங்களும் போனோம்.